பதினோராம் அத்தியாயத்து அவன்

மாதம் பிறந்தால் என் வீட்டுக்குக் காதல் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கும். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் கூரியர்காரர் அதை மாடிப்படியின் அடியிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். மூச்சு வாங்க மேலே தூக்கி வந்து, கத்தரிக்கோலால் பிரிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். புதிதாக வரும் காதல் நாவல்களைப் படித்து, வகைக்கு ஒன்றாக எடுத்து, பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுவது என் வேலை. தலை நரைத்ததே இந்த வேலையில்தான்.

இந்த முறை சரித்திரக் காதலில் இளவரசன் நாவல் முழுக்கக் குதிரையிலேயே போகிறான். அந்த வாயில்லாப் பிராணிக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்க எழுத்தாளருக்கு மனசு வரவில்லை. அலுவலகக் காதலில் ஒருத்தர்கூட வேலை பார்க்கவில்லை. மருத்துவமனைக் காதலில் டாக்டர் நாயகியின் நாடியைப் பிடித்ததும் மற்ற நோயாளிகள் எல்லாம் கதையை விட்டே காணாமல் போய்விட்டார்கள். அப்புறம் ஒரு பேய்க் காதல். அதில் நாயகியின் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்தது பேய் மட்டும்தான், அதனால் அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன்.

பெட்டியின் அடியில் அக்காவின் நாவல் கிடந்தது.

"உனக்குன்னு தனியா தரமாட்டேன். பெட்டியில வரும். எல்லாரோடதையும் படிக்கிற மாதிரி படி," என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட வீட்டில், அத்தான் டிவியில் செய்தி பார்க்கும் நேரமெல்லாம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் எழுதிய முதல் நாவல் அது. அத்தானும் தன் பங்குக்குக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா என்னமோ கிறுக்கி வச்சிருக்கா. பார்த்து நல்லதா நாலு வார்த்தை போட்டுடு. நமக்குப் புத்தகமெல்லாம் ஆகாது. நீ எழுதுறதைப் படிச்சுக்கிறேன்."

நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. 'ஒரே மூச்சில் படிக்கலாம்' என்று எழுதினால், பாதியைப் புரட்டித் தள்ளிவிட்டேன் என்று அர்த்தம். 'மனதை வருடும் நடை' என்றால் படிக்கும்போதே தூங்கிவிட்டேன். ஊருக்குத் தெரியாத இந்த அகராதி அக்காவுக்கு மனப்பாடம். மாதா மாதம் என் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல எந்தப் பக்கத்துல தூங்கினே?" என்று கேட்டுச் சிரிப்பவள் அவள். அவளிடம் என் பம்மாத்து செல்லாது.

பழைய நாற்காலியில், பள்ளம் விழுந்த மெத்தையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். உள்ளதைச் சொன்னால் நாவல் சுமார்தான். குடும்பக் காதல் வகை. நாயகிக்கு அக்காவின் வயசு. கணவரை 'அவர்', 'அவர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த அவர் தெருவில் எப்போதும் முன்னால் நடக்கிறார், திரும்பியே பார்ப்பதில்லை. சாட்சாத் அத்தானேதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா அவர் முதுகைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு அந்த மனுஷர் மேல் எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு.

பதினோராம் அத்தியாயத்தில் 'அவன்' வந்தான்.

நாயகி இளவயதில் யாருக்கும் தெரியாமல் ஒருவனைச் சந்திக்கப் போகிறாள். திரும்பும் வழியில் அவள் செருப்பு அறுந்துபோகிறது. வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது. அவன் ஒன்றும் பேசாமல் தன் செருப்பிலும் ஒன்றைக் கழற்றுகிறான். அறுந்ததையும் வாங்கி, இரண்டையும் இடது கையில் பிடித்துக்கொண்டு, அவளைப் போலவே நொண்டி நொண்டிப் பக்கத்தில் நடக்கிறான். பஸ் நிறுத்தம் வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒற்றைச் செருப்போடு சிரித்துக்கொண்டே போகிறார்கள். அவ்வளவுதான் அத்தியாயம்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு அழுதேன். காதல் நாவல் படித்து நான் அழுவது என்பது மிட்டாய்க் கடைக்காரர் மிட்டாய் கேட்டு அடம்பிடிப்பது மாதிரி.

அழுது முடித்ததும் பயம் வந்தது. அக்காவுக்கு இப்படி ஒருத்தன் இருந்தானா? நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நடந்திருக்கும். எந்தக் கையில் செருப்பைப் பிடித்தான் என்பதுவரை எழுதியிருக்கிறாளே, இது இட்டுக்கட்டியது இல்லை. கணவர் 'அவர்', இவன் 'அவன்'. கைவிட்டுப்போன முதல் காதல் வகை. எனக்கு அத்துப்படியான வகை. இதை நான் பாராட்டினால் அத்தான் கண்ணில் படும், யார் அவன் என்று கேட்பார். இந்த வயசில் அந்தக் கேள்வி என்னால் அக்கா வீட்டுக்குள் நுழையக் கூடாது. எழுதாமல் விட்டாலோ, புரட்டித் தள்ளிவிட்டேன் என்று அக்கா நினைத்துக்கொள்வாள். அவள் உயிரைக் கொடுத்து எழுதிய இடம் அது ஒன்றுதான்.

பத்திரிகை ஆசிரியரின் பட்டப்பெயர் அவசரம். அவர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து எழுதினேன்: 'பதினோராம் அத்தியாயம் மட்டும் நம்பும்படியாக இல்லை. நாயகியின் செருப்பு அறுந்ததற்காகத் தன் செருப்பையும் கழற்றிக்கொண்டு நொண்டும் ஆண்பிள்ளை காகிதத்தில்தான் நடப்பான். நிஜத்தில் இது நடக்காது.'

நான் படித்தேன் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். எல்லாம் கற்பனை என்று அத்தான் நம்பிவிடுவார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்திரிகை வந்த அன்று காலையிலேயே அத்தான் போன் செய்தார்.

"சரியா போட்டே போ! 'காகிதத்தில்தான் நடப்பான்.' எவனாவது நல்லா இருக்கிற செருப்பைக் கழட்டிக் கையில தூக்கிட்டு நொண்டுவானா? மறை கழண்ட கேஸா இருப்பான்!"

விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா தப்பித்தாள் என்று எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள்.

"படிச்சியாக்கா?" என்று நானே முந்திக்கொண்டேன்.

"படிச்சேன். நீ தூங்கலன்னு தெரிஞ்சுது."

"தூங்கவா? அழுதேன்கா. பயந்துபோய்த்தான் அப்படி எழுதினேன். அத்தான் யாரு அவன்னு கேட்டுட்டா என்ன பண்ணுவே?"



"கேக்கணும்னுதானடி எழுதினேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருக்கா அவன்?"

"நிச்சயம் ஆனதுக்கப்புறம் வீட்டுக்குத் தெரியாம ஒரு தடவ பாத்துக்கிட்டோம். உங்க அத்தான்தான்."

"பின்ன ஏன் அவன்னு எழுதினே?"

"கல்யாணம் வரைக்கும் மனசுக்குள்ள அவன்தானே? அப்புறம்தானே அவர் ஆனாரு."

வகை வகையாகப் பிரித்துப் போட்டே பழகிய புத்தி. ஒரே ஆளை இரண்டாகப் பிரித்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அசதியாக இருந்தது.

"புத்தகத்த அவர் தொறக்கமாட்டாரு. நீ எழுதினா படிப்பாரு. படிச்சா ஞாபகம் வரும்னு பாத்தேன்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப ஒண்ணும் கெட்டுப்போகலக்கா. நீயே சொல்லிடேன், அது நீங்கதான்னு."

"காலையிலயே சொன்னேன். அவர் சிரிச்சு முடிச்சதும்."

"என்ன சொன்னாரு?"

"'போடி, உன் தங்கச்சியே நடக்காதுன்னு எழுதிட்டா'ன்னாரு."