இரண்டரைக்கு ஏழு

1

இந்தக் கதை திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் வீட்டு வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்துக் கடைக்காரரிடம் கேட்டாள்: “இதுல கதவுக்குப் போட்டிருக்கிற அளவு யாருக்குண்ணா, செவுத்துக்கா, ஆளுக்கா?”

எத்தனை காப்பி என்று அவர் கேட்டார்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. விசாரித்திருந்தால் சொல்லியிருப்பாள். நான் விசாரிக்கிற ஆள் இல்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதல் தொடக்கம்: கோலியனூர் வயல்களின் மேல் பனி மெல்ல— (வேண்டாம். பனிக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: கலைப்பிரியா இயற்பியல் பட்டதாரி என்பதால் அந்த வீட்டில் எண் எதுவானாலும் அவளிடமே வந்தது. கரண்ட் ரீடிங், மருந்து டோஸ், இப்போது வீட்டு வரைபடம்.

இது இருக்கட்டும்.

அவள் அப்பா சுப்பராயலு மல்லாட்டையும் (நிலக்கடலைதான்) கரும்பும் போட்டவர். டிராக்டரிலிருந்து விழுந்த பிறகு கால்கள் வரவில்லை, சக்கர நாற்காலிதான். கைகளில் மட்டும் முன்னைவிடப் பலம். பழைய வீட்டில் கழிவறை கொல்லையில், படி இறங்கிப் போக வேண்டும். தினமும் மருமகன் மணிமாறன்தான் தூக்கிக்கொண்டு போகிறான். தூக்கும்போது மாமனாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

புது வீட்டுக்கு அவர் சம்மதித்தது ஒரே நிபந்தனையின் பேரில்.

“எனக்கு ஏசி வேணாம், மாடி வேணாம். பாத்ரூமுக்கு நானே போய்க்கினு நானே வரணும். அவ்ளோதான்.”

3

வாசகருக்கு ஒரு சிறு பாடம். (அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம். கலைப்பிரியா தாண்டவில்லை.)

வரைபடத்தில் கதவுக்கு டி, ஜன்னலுக்கு டபிள்யூ. டி என்றால் தலைவாசல், டி-1 அறைக் கதவு, டி-2 குளியலறைக் கதவு. ஓரத்துப் பட்டியலில் முதலில் அகலம், பிறகு உயரம். டி-2: இரண்டரைக்கு ஏழு, அடிக்கணக்கில். ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்பதை வேறொரு படத்தில் பார்க்க வேண்டும். கலைப்பிரியா பார்த்தாள். மூன்றடி என்றிருந்தது. நாற்காலியில் இருந்தபடியே அப்பாவுக்கு வயல் தெரியட்டும் என்று இரண்டடியாகக் குறைக்கச் சொன்னாள். இன்ஜினியர் பாராட்டினார். தவறு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன், பாராட்டில்.

தலைவாசலுக்கு அனந்தபுரத்து ஜோசியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நல்ல நேரத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து, நிலையை நிறுத்தினார்கள். கலைப்பிரியா டேப்பை வைத்துப் பார்த்தாள். மரத்துக்கு மரம், உள்பக்கம், சரியாக மூன்றரை அடி. வரைபடத்திலும் மூன்றரை. ஆக, வரைபடம் சொல்வது ஆள் நுழைகிற அளவு.

ஒரே ஒரு சோதனை, அதிலிருந்து ஒரு விதி. (கல்லூரியில் இதற்கு மதிப்பெண் போட மாட்டார்கள்.)

நாற்காலி இருபத்தைந்து அங்குலம், டி-2 முப்பது. ஐந்து அங்குலம் தாராளம்.

4

ஆசாரி ஆரோக்கியராஜை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மரத்தில் ஏமாற்றுகிறவராக, வாயில் எப்போதும்— இல்லை, ஒட்டவில்லை. அவர் போன் செய்து, குளியலறை நிலையைப் பிளானில் இருக்கிறபடியே போட்டுவிடவா என்று கேட்டார். அப்படியே போடுங்கள் என்று இவள் சொன்னாள். நல்லவர்கள் இரண்டு பேர் ஒத்துப்போனால் கதையில் தடுக்க ஆளில்லை.

5

வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. புதன்கிழமை சுப்பராயலு வீட்டைப் பார்க்க வந்தார். சரிவுப் பாதையில் ஏறித் தலைவாசலில் ராஜா மாதிரி நுழைந்தார். ஜன்னலருகே நாற்காலியை நிறுத்தி வயலைப் பார்த்தார். பிறகு நேராகக் குளியலறைக்குப் போனார்.

இரண்டு பக்கமும் விரல்முட்டி இடித்தது. பின்னால் வந்து மறுபடி உருட்டினார். மறுபடி இடித்தது.

கலைப்பிரியா அளந்தாள். இருபத்து நான்கு.

“ஓரங்குலம்தாம்ப்பா இடிக்குது.”

“தோல உரிச்சுக்கினு போவச் சொல்றியா?”

ஆரோக்கியராஜ் வந்தார். தலைவாசலுக்கு மட்டும்தான் உள்ளளவு, அது ஜோசியர் கணக்கு. மற்றதற்கெல்லாம் பிளான் அளவு நிலைமரத்தையும் சேர்த்துத்தான், பக்கத்துக்கு மூன்று அங்குலம் மரம் சாப்பிட்டுவிடும், எப்போதும் அப்படித்தான் என்றார். வேலை நடந்த நாளெல்லாம் பழைய வீட்டுக்கு வந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடித்திருந்தார். அது அவருக்கும் இப்போதுதான் நினைவு வந்தது.

சுப்பராயலு கோபப்படவில்லை. அதுதான் கலைப்பிரியாவுக்குத் தாங்கவில்லை.

“நான் தெருவுக்கே போறதில்ல. எனக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய வாசல்?” என்றார்.

6

முடிவுகள்.

அ) சுவரை இடித்து அகலமாக்குகிறார்கள். (சுலபமாக இருந்ததால் எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே ஒரு பக்கம் கான்கிரீட் தூண் வைத்துவிட்டேன். மறுபக்கம் தண்ணீர்க் குழாய். மன்னிக்கவும்.)

ஆ) குறுகலான நாற்காலி வாங்குகிறார்கள். இதை மணிமாறன் சொன்னான். “அப்ப இடுப்பையும் வேற வாங்கியா” என்றார் மாமனார். விபத்துக்குப் பிறகு மருமகனிடம் அவர் செய்த முதல் கிண்டல் என்பதால் இதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை.

இ) வியாழக்கிழமை ஆரோக்கியராஜ் நிலையைப் பெயர்த்தெடுக்கிறார். திறப்பு முப்பது அங்குலம் ஆகிறது. வரைபடத்தின் இரண்டரை அடி கடைசியில் உண்மையாகிவிடுகிறது, கதவு இல்லை என்பதால். அந்த இடத்தில் கலைப்பிரியா ஒரு திரைச்சீலை கட்டுகிறாள்.

மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன்.

7

நாற்காலி திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. இடிக்கவில்லை.

“எல்லாரும் வெளிய போங்க” என்றார் சுப்பராயலு.

ஆரோக்கியராஜ் மரத்துண்டுகளை எடுத்துக்கொண்டு போனார். மணிமாறன் மோட்டாரைப் பார்க்கப் போனான். கலைப்பிரியா கேட்டுக்கு வெளியே போய், விழுப்புரம் போகிற பஸ்ஸை வேடிக்கை பார்த்தபடி நின்றாள். காது மட்டும் வீட்டில் இருந்தது. அவர் தானாகவே முடித்துக்கொண்டு வருவாரா, மருமகனைக் கூப்பிடுவாரா? இந்த வீட்டைக் கட்டியதற்கு அர்த்தம் அதில்தான் இருக்கிறது.

திரை காற்றில் கொஞ்சம் விலகுகிறது. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். யாரோ பார்க்கிற உணர்வு இருக்கிறவரை அவரால் முடியாது.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.