நுரைக்காத மணல்

இசபெல்லா மணலை ஏழாவது தடவையாக அலசிவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. கடற்கரையில் பிறந்தவள் நாக்கு உப்பு விஷயத்தில் ஏமாறாது என்பது அவள் நம்பிக்கை. துப்பிவிட்டு எழுந்தபோது முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன.

தூத்துக்குடியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், லேபில் கண்ணாடிக் குப்பி கழுவும் வேலைக்கு வந்து பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் தற்காலிகம்தான். இந்த எழுபத்தெட்டாம் வருஷம் பிளஸ் டூ வருகிறது. அதிகாரி வந்து பார்த்து அங்கீகாரம் கொடுத்துவிட்டால் லேபுக்கு நிரந்தர இடம் ஒன்று உண்டு, அது உனக்குத்தான் என்று தலைமையாசிரியை மதர் வாய் நிறையச் சொல்லியிருந்தார். அதிகாரி அனுப்பிய பட்டியலில் பாக்கி ஒன்றே ஒன்று: செடி வளர்கிற நன்னீர் மீன்தொட்டி.

மீன் எப்படியோ பிழைத்துக்கொண்டது. அடியில் பரப்பிய மணலில் நட்ட செடிதான் சண்டித்தனம் செய்தது. லேபைப் பார்த்துக்கொண்ட ஆறுமுகத்தாய் டீச்சர் தன் ஊர் வாய்க்காலிலிருந்து இரண்டு தடவை பிடுங்கி வந்து கொடுத்தார். இரண்டு தடவையும் பத்தே நாளில் இலை மஞ்சளித்து, வேர் கறுத்து, செடி மேலே மிதந்தது.

"இசபெல்லாக்கா, மணலை நல்லா கழுவுதியளா? உப்பு இருந்தா செடி எப்படி நிக்கும்?"

சுருக்கென்றது. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற நல்ல தண்ணீருக்கு வரிசையில் நின்று, குடங்குடமாகச் சுமந்து வந்து மணலைக் குளிப்பாட்டியவள் அவள். அதுவும் எப்படிப்பட்ட மணல்! கல்லறைத் திருநாளுக்குப் புருஷன் குழிமேல் பரப்ப எடுப்பாளே, கடற்கரையில் அதே இடத்தில் அள்ளிய அதே வெள்ளை மணல்.

"ஏழு தண்ணி அலசியாச்சு டீச்சர். நம்பலன்னா நீங்களே வாயில போட்டுப் பாருங்க."

டீச்சர் மணல் தின்னத் தயாராக இல்லை.

அன்று சாயந்தரம் குப்பிகளைக் கழுவும்போது அடியில் கொஞ்சம் ஆசிட் மிச்சமிருந்தது. கீழே கொட்டினால் தரை பொத்துப்போகும் என்று, மீதி மணல் கிடந்த வாளியில் ஊற்றினாள். சோடா உடைத்தது போல மணல் பொங்கி நுரைத்தது. பயந்துபோய் டீச்சரைக் கூப்பிட்டாள்.

டீச்சர் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "சிப்பி, அக்கா! இது பாதி மணல், பாதி சிப்பித்தூள். சுண்ணாம்புல ஆசிட் பட்டா நுரைக்கும். தொட்டித் தண்ணில அந்தச் சுண்ணாம்பு கரைஞ்சுதான் செடி செத்திருக்கு."

வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடம். டீச்சருக்குக் கரும்பலகையை விட்டு அது இறங்கவே இல்லை. அத்தனை குடமும் வீண் என்பதுதான் இசபெல்லாவுக்கு உறைத்தது. நாக்குக்கு உப்பு தெரியும், சிப்பி தெரியாது.

அதிகாரி வர மூன்று வாரம்தான் இருந்தது. சின்னக் குப்பியில் ஆசிட்டும் சொட்டுக்குழாயும் எடுத்துக்கொண்டு, நுரைக்காத மணலைத் தேடி அலைந்தாள். தேரிக்காட்டுச் செம்மண் நுரைக்கவில்லை, ஆனால் தண்ணீரைக் காவியாக்கிவிட்டது. பிறந்த ஊர் புன்னைக்காயலுக்குப் போய், ஆறு கடலில் கலக்கிற முகத்தில் அள்ளினாள். அது பேருக்குத்தான் ஆறு, சொட்டு விட்டதும் கடல் மணலைப் போலவே பொங்கியது. ஊர்ப்பாசத்தில் ஒரு பகல் போயிற்று.

கடைசியில், அதே ஆற்றில் கடலை விட்டு மேலே தள்ளியிருக்கிற ஏரலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கரையில் குனிந்து மணலில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்து, துணி துவைத்த ஒருத்தி, "ஏளா, ஆத்துக்கு என்ன நோவு? மருந்து ஊத்துத?" என்றாள். இசபெல்லாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. சொட்டு பட்டும் மணல் அசையாமல் கிடந்தது. மாவாக இருந்ததை விட்டு, கடுகளவு பருமனாக இருந்ததை அரை மூட்டை அள்ளினாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரிடம், "மண்ணுதான் அண்ணாச்சி, உங்களைக் கடிக்காது" என்று கெஞ்சி ஏற்றினாள்.

மூன்றாவதாக நட்ட செடி வேர் பிடித்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி மற்றதையெல்லாம் கடகடவென்று பார்த்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றார். மணல் யார் பார்த்து எடுத்தது என்று கேட்டார். மதர் இசபெல்லாவைக் காட்டினார். "கெட்டிக்காரி" என்றார் அதிகாரி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அந்த லேபில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. மதர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இசபெல்லா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. நிரந்தர இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், வயது முப்பதைத் தாண்டக்கூடாது. அப்படி ஒருத்தியைப் போட்டாயிற்று; அவள் வந்து சேருகிற நாளோடு தற்காலிக இடம் ரத்து. இசபெல்லா ஐந்தாம் வகுப்பு. வயது நாற்பத்தாறு.

"இப்படி வரும்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கலம்மா" என்றார் மதர். அது உண்மைதான்.

இசபெல்லாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

"அந்தச் செடி மூணாவது தடவையும் செத்திருந்தா, நான் பாட்டுக்கு இங்கனயே கிடந்திருப்பேன் மதர்."

மதர் உத்தரவுத் தாளை மடித்து உறையில் போட்டார். புது ஆள் எப்போது வருகிறாள் என்று மட்டும் இசபெல்லா கேட்டாள். திங்கட்கிழமை என்றார் மதர்.