ஏழு கம்பி

சாம்பல் நிறம் இல்லை, கறுப்பு. ஒவ்வொரு தடவையும் சாம்பல் என்றே சொல்கிறான். நானும் இத்தனை வருடமாகத் திருத்தவில்லை. நிறத்தைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டி வரும்.

இப்படி நினைத்துக்கொண்டே ஜசிரா விளக்கின் கீழ் தலையைத் தாழ்த்தி வைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் வால்டெசிர், எதிர்க்கடையில் போன் பழுது பார்க்கும் எவரால்டோவிடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். மனாவுஸ் நகரத்தின் மதிய மழை கடைவளாகத்தின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு வருஷம்யா! வீடியோ கேம் வெளயாடுறப்ப இவ கையில இருந்த சாம்பல் கன்ட்ரோலரோட பிளக்கு சோபாவுக்கு அடியில கெடந்துச்சு. இவ பாட்டுக்கு வெளயாடுறா. நான் குதிச்சா, 'பாத்தியா அண்ணே, எப்படிக் குதிச்சேன்'ங்கிறா. நான் செத்தா, 'என்னாலதான் அண்ணே'ன்னு அழுவுறா!"

"அடப்பாவி! அந்தப் புள்ளையா இன்னிக்கு ஊருக்கே கன்ட்ரோலர் ரிப்பேர் பண்ணுது?"

"ரிப்பேர் இல்ல எவரால்டோ. மாத்திக் குடுக்கிறேன்," என்றாள் ஜசிரா, நிமிராமல்.

அந்த வித்தியாசம் அவளுக்கு முக்கியம். உடைந்ததை ஒட்டவைக்க இந்த வளாகத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒரு கேம் பெட்டிக்கென்று பிறந்த கன்ட்ரோலரை இன்னொரு பழைய பெட்டியோடு பேசவைக்க அவள் ஒருத்திதான். சாந்தாரெம், பெலெம் என்ற தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் படகில் பொட்டலம் வரும். உள்ளே ஒரு கன்ட்ரோலர், ஒரு துண்டுச் சீட்டு: 'இதை அதில் ஓடவைக்க முடியுமா?' அவள் ஓடவைப்பாள். மூடும்போது கடைசித் திருகாணியின் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பாள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் ஆட்கள் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை. போன மாதம் ஒருவன் அவள் கண் முன்னாலேயே அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். அவன் போன பிறகு வெகு நேரம் அவளுக்கு வேலை ஓடவில்லை, அத்தனை சந்தோஷம்.

எவரால்டோ வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பியதும் வால்டெசிர் பையிலிருந்து ஒரு கன்ட்ரோலரை எடுத்து மேசையில் வைத்தான். வேறு ஏதோ பெட்டியினுடையது. பிளக்கின் வாயே வேறு.

"தலேஸுக்கு மாஸ்டர் சிஸ்டம் வாங்கிட்டேன் ஜசி. நாளைக்கு எம் பையனுக்குப் பொறந்த நாளு. நம்ம வெளயாண்ட அதே பெட்டி."

"நல்ல விஷயம். ரெண்டாவது கன்ட்ரோலரா இது? ராத்திரிக்குள்ள ஓடவெச்சுடுவேன்."

"ஓடவே வேணாம்." அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "இது அவன் தங்கச்சி இயாராவுக்கு. அஞ்சு வயசு. அவன் உக்காந்தா இவளும் வந்து ஒட்டிக்குவா, நிம்மதியா வெளயாட விடமாட்டா. நம்ம பழைய வித்தைதான். ஆனா இந்தக் காலத்துப் புள்ளைங்க இருக்குதே, வயரப் புடிச்சுக்கிட்டே போயி எங்க முடியுதுன்னு பாக்குதுங்க. அதனால பிளக்க மட்டும் மாத்து. பெட்டியில சரியா உக்காரணும். ஒரு குட்டி லைட்டும் போட்டுடு, எரியட்டும். பட்டன் எதுவும் வேலை செய்ய வேணாம். உனக்குப் பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிடம்கூட ஆகாது. விளக்குக்கு இரண்டு கம்பி, அவ்வளவுதான். அவள் கை பழக்கத்தில் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்துவிட்டது.

உள்ளே அதே பச்சைப் பலகை, அதே கறுப்புச் சில்லு. எட்டு வயதில் அவள் முதலில் திறந்து பார்த்ததும் இப்படித்தான் இருந்தது.

அண்ணன் சொல்லும் கதை எப்போதும் அவள் அழுவதோடு முடிந்துவிடும். ஒருநாள் வாசலில் யாரோ கூப்பிட்டு அவன் எழுந்து போனது அதில் வராது. அவன் போனதும் திரையில் மனிதன் அசையாமல் நின்றான். அவள் எல்லாப் பட்டனையும் அழுத்தினாள். எதிரி வந்து அவனைத் தின்றுவிட்டுப் போனான். வயரைப் பிடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் போன அவளுக்கு, எந்தத் துளையிலும் சேராத ஒரு பிளக் கிடைத்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகும் ஒரு மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஏமாந்ததைவிட, ஏமாந்தது தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவன் அறிவதுதான் பெரிய அவமானமாகத் தோன்றியது. அவளைக் கடைசிவரை உறுத்தியது வேறொன்று. அந்த இரண்டு வருடமும் அவள் பட்ட பெருமை பொய் இல்லை. நெஞ்சு உண்மையாகவே விம்மியது. கம்பிதான் பொய்.

அதை ஓடவைக்க அவளுக்கு மூன்று வருடம் ஆயிற்று. எவனோ தூக்கிப்போட்ட மோடத்தின் கேபிளில் பொருந்துகிற பிளக் இருந்தது. சில்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பட்டன் ஒன்றுக்கு ஒரு கம்பியாக ஆறு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று, ஆக ஏழு. பதினொரு வயதில் அதை இரண்டாவது துளையில் செருகி, கார்ப் பந்தயத்தில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய கார் நகர்ந்தது. "யாருடி ஓட்டுறா அத?" என்று அவன் கேட்டான். "நான்," என்றாள். அதைவிடப் பெரிய சொல்லை அவள் இன்றுவரை பேசியதில்லை.

"என்ன யோசன? நீ என்ன கெட்டா போயிட்ட?" வால்டெசிர் சிரித்தான். "சொல்லப்போனா அன்னிக்கு நான் ஏமாத்தலன்னா இன்னிக்கு நீ இந்த மேசையில உக்காந்திருப்பியா?"

சில நாட்களில் அவளே இதை நினைத்திருக்கிறாள். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தது அவள் கை. அந்த நன்றியை அவனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எத்தனை இயாராக்கள் அந்த சோபாவின் அடியிலேயே நின்றுவிட்டார்களோ.

"அண்ணே, அது கறுப்பு," என்றாள்.

"எது?"

"என் கன்ட்ரோலர். நீ சாம்பல்னே சொல்ற."

"சரி, கறுப்பு. அதுக்கென்ன இப்போ? ரெண்டு கம்பியப் போட்டு மூடிக் குடு, மழ விட்டதும் கெளம்புறேன்."

அவள் நெயில் பாலிஷ் குப்பியைப் பார்த்தாள். திறந்திருந்தது. எடுத்து மூடியைத் திருகி இழுப்பறையில் வைத்தாள்.

"ஏழு கம்பின்னா இப்பவே உக்காந்து போட்டுத் தர்றேன்," என்றாள், மழைச் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "ரெண்டு கம்பி போட மாட்டேன் அண்ணே."

திறந்த கன்ட்ரோலரை அவன் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தாள்.