மண் போன பிறகும் நின்ற வீடு

ரயில் பாதைக்காக அடியிலிருந்த மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு போன பிறகும் பல்லுக்காரரின் வீடு கீழே விழவில்லை. இரண்டு மாடி ஆழத்துக்குப் பள்ளம் இறங்கிவிட்டது. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கரண்டு கேபிள், டெலிபோன் கேபிள் நான்கும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் துணி உலர்த்தும் கொடி போல நீண்டு கிடந்தன. அவற்றின் மேல் வீடு, ஓடு ஒன்று கூட நகராமல் உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தக்காரருக்கு மண்ணை அள்ளத்தான் உத்தரவு இருந்தது. அடியில் நான்கு துறைகளின் பாதைகளும் சந்திக்கிற வீடு என்பதால், பாதைகளை மாற்றும் வரை அதைத் தொடக் கூடாது. ஆகவே அவர் பள்ளத்தின் தரையிலிருந்து வாசற்படிக்கு எட்டுகிற மாதிரி ஓர் இரும்பு ஏணியைச் சாத்திக் கொடுத்துவிட்டு, தன் இயந்திரங்களோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

பல்லுக்காரர் பல் செட் செய்கிறவர். முன்னறையில் மேசை போட்டு, பிளாஸ்டர் அச்சுகளையும் மெழுகையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். தெருவே காலி செய்துகொண்டு ஊரின் மறு கோடியில் கட்டிய அடுக்குமாடிக்குப் போன வாரம், அவர் மேசை மேல் மெழுகில் பாதி பல் ஏறிய செட்டுகள் கிடந்தன. இதை முடித்துவிட்டு வருகிறேன், நீ முதலில் போ என்றார் மனைவியிடம். அவளும் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். அதற்குள் மண் போய்விட்டது. ஏணி வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப் போலவே இருந்ததால், இன்றைக்கு ஏன் இறங்க வேண்டும் என்பதற்கு அவருக்குத் தனியாக ஒரு காரணம் கிடைக்கவில்லை.

பள்ளத்தில் தண்டவாளம் போட்டாயிற்று. மேலே மின்கம்பி கட்ட முடியவில்லை, குழாய்கள் குறுக்கே நின்றன. கூட்டு ஆய்வு என்ற பெயரில் துறைக்காரர்கள் மாதத்துக்கொரு முறை கரையில் கூடினார்கள். எங்கள் குழாய் சாக்கடைக் குழாய்க்கு மேலேதான் போக வேண்டும், அது இறங்காமல் இதைத் தொட முடியாது என்றது குடிநீர்த் துறை. ஆழத்தில் இறக்கினால் பம்பு வைக்க வேண்டும், கரண்டு கேபிள் புது இடத்துக்கு வரட்டும் என்றது சாக்கடைத் துறை. கேபிளுக்கு ஒதுக்கிய இடத்தில் டெலிபோன் கேபிள் கிடக்கிறது என்றது மின்துறை. எங்களுக்குக் கொடுத்த புது வழியும் குடிநீர்க் குழாயின் புது வழியும் ஒன்று, அவர்கள் முதலில் போட்டால்தான் நாங்கள் பக்கத்தில் போட முடியும் என்றது டெலிபோன் துறை. ரயில்வேயின் பொறியாளர் நடுவில் நின்று எல்லோருக்கும் தலையாட்டுவார். இப்படியே ஏழெட்டு வருடம் ஓடிற்று. தண்டவாளத்தில் துரு ஏறிப் புல் முளைத்தது. காற்றடிக்கிற நாளில் வீடு லேசாக ஆடும். அவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்து மறுபடி எடுப்பார்.

சாயங்காலம் மனைவி போன் செய்வாள். சாப்பிட்டீங்களா என்பாள். ஆச்சு என்பார். மேற்கு ஜன்னலைச் சாத்தியாயிற்றா என்பாள். சாத்தியாயிற்று என்பார். வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. இருவரும் ரிசீவரை வைக்காமல் கொஞ்ச நேரம் அடுத்தவர் வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு மெழுகு அடுப்பு இரைவது கேட்கும். அவருக்கு மேல்மாடிக்காரர் நாற்காலி இழுப்பது கேட்கும்.

குடிநீர்த் துறைக்குப் புதிதாக ஒரு பெண் பொறியாளர் மாற்றலாகி வந்தார். முதல் கூட்டு ஆய்விலேயே, மற்றவர்கள் கரையில் வாதாடிக்கொண்டிருக்க, வால்வைப் பார்க்க வேண்டும் என்று ஏணியில் ஏறிவிட்டார். கரண்டு பில்காரரும் மளிகைக் கடைப் பையனும் வாசற்படியோடு திரும்புகிறவர்கள். அந்த வீட்டுக்குள் பல வருடங்களாக வேறு யாரும் நுழைந்ததில்லை. முன்னறைச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, தம்ளருக்கு ஒன்றாகப் பல் செட்டுகள் கிடந்தன. சுற்றிலும் சிரிப்பு.

"இதெல்லாம் யாருக்கு சார்?"

"ஆர்டர் குடுத்தவங்களுக்குத்தான். எல்லாருக்கும் வயசாச்சு, ஏணி ஏற முடியல. தண்ணி வத்தாம மாத்திக்கிட்டே இருக்கேன். காய்ஞ்சா வளைஞ்சுடும்."

"நீங்க இறங்கிப் போய்க் குடுத்திருக்கலாமே."

அவர் ஒரு தம்ளரைத் துடைத்து வைத்தார். "போகச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சும்மா. வரச் சொல்லி யாரும் கூப்பிடல."

பொறியாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கினார். இறங்கும்போது பெயர் ஒட்டிய செட்டுகளைக் காகிதத்தில் சுற்றித் தன் பையில் வாங்கிக்கொண்டார். சிலவற்றுக்கு உரியவர்கள் இப்போது இல்லை என்பது வீடு வீடாகப் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதமே, மற்ற துறைகளுக்காகக் காத்திராமல் எங்கள் குழாயை முதலில் மாற்றுகிறோம் என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலதிகாரி கூப்பிட்டு, நாம் ஏன் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணுமே சார் என்றார் இவர். சாக்கடைக்குக் கீழே போக நேர்ந்தால் குழாய்க்கு உறை போட்டுக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருந்தது. இத்தனை வருடம் அதை யாரும் சொல்லவில்லை.

வீடு மனைவியின் பேரில் இருந்ததால், தண்ணீரை நிறுத்தும் நோட்டீஸை அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். பொறியாளரே அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனார். அறையில் ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளர். அவள் கையெழுத்துப் போட்டாள். பல்லுக்காரர் சொன்னதைப் பொறியாளர் அப்படியே சொன்னார்.

"கூப்பிட்டாத்தான் வருவாராமா? சொந்த வீட்டுக்கு வர்றதுக்கு அழைப்பா வைப்பாங்க?" என்றாள் அவள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் கிளம்பின அன்னைக்குக் கூட இருடின்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றாள்.

குடிநீர்க் குழாய் தண்டவாளத்துக்கு அடியில் போயிற்று. பழையதை அறுத்ததும் வீடு கிழக்கே ஒரு விரல் சாய்ந்தது. அதன் பிறகு தடை சொல்ல யாருக்கும் வழியில்லை. டெலிபோன் கேபிளை அறுத்த சாயங்காலம் அவள் எண்களைச் சுழற்றினாள். மணி போகவில்லை. மறுநாளும் சுழற்றினாள், அதற்கடுத்த நாளும். செத்துப்போன ரிசீவரைக் காதில் வைத்தபடி வழக்கமான நேரம் முடியும் வரை நின்றாள். அங்கே அவரும் அதே நேரத்தில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கரண்டு போனது. மெழுகை ஸ்டவ்வில் உருக்கினார். கடைசியாகச் சாக்கடைக் குழாய் மட்டும் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அதை அறுக்கிற நாளில் கரையில் கூட்டம் கூடிவிட்டது. ரயில்வே பொறியாளர் ஒலிபெருக்கியில் இறங்கச் சொன்னார். அவர் வாசலுக்கு வரவில்லை. வீட்டோடு விழுவதென்று அவர் முடிவு செய்துவிட்டதாகக் கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் அப்படியெல்லாம் எதையும் முடிவு செய்யவில்லை. பிளாஸ்டர் காயக் காத்திருந்தார். அப்போது மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி வந்தாள். ஏணியின் கீழே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"வாங்க. போலாம்."

அவர் கையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். குழாயை அறுத்தார்கள். வீடு விழவில்லை. எதன் மேலும் இல்லாமல், சாய்ந்த ஒரு விரலையும் நிமிர்த்திக்கொண்டு அங்கேயே நின்றது. பூமிக்கடியில் தடை எதுவும் இல்லை என்று நான்கு துறைகளும் ஒப்பமிட்டன. மேலே இருப்பது எந்தத் துறைக்கும் சேராது. ரயில்வே அந்த இடத்தில் மட்டும் மின்கம்பியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டி ரயிலை விட்டது. முதல் மாதம் பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை.

மூன்றாவது மாடியில் அவருக்கென்று இன்னொரு நாற்காலி வாங்கினார்கள். ஆனால் அவள் ஒரு ஆளுக்குச் சமைத்தே கை பழகியிருந்தாள். அவர் தனக்குத்தானே பதில் சொல்லிப் பழகியிருந்தார். ஒரே அறையில் இருந்துகொண்டு, சாயங்காலமானால் இருவரும் டெலிபோனைப் பார்ப்பார்கள். பிளாஸ்டர் தூசியைக் காரணம் காட்டி அவர் காலையில் பழைய வீட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். ரயில்வே காவலாள் ரயில் இல்லாத நேரம் பார்த்து ஏணியைச் சாத்திக் கொடுப்பார். சாயங்காலம் திரும்பிவிடுவார். அவர் வரும் காலடிச் சத்தத்தை அவள் படியிலேயே அடையாளம் கண்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று.

ஒரு நாள் காலை, நானும் வர்றேன் என்று அவளும் கிளம்பினாள். முழங்கால் வலியோடு ஏணி ஏறி, முன்னறையைக் கடந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். பாசி பிடித்த தொட்டியைப் பார்த்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, அறுபட்டுச் சுவரோடு நின்றுபோன குடிநீர்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது.

"பழையபடி மெதுவாத்தான் வருது" என்றாள்.

"காலையில அப்படித்தான். போகப்போக வேகமா வரும்" என்றார் அவர் முன்னறையிலிருந்து, மெழுகிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் குடத்தை அடியில் வைத்துவிட்டு, நிறையும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.