வாஷிங் மெஷினுக்கு அடியில் இருந்த சத்தம்

வீட்டில் அவனுக்குப் பாம்புக்காதன் என்று பட்டப்பெயர். அந்தக் காதை வைத்தே பிழைத்தான். லிஃப்ட், குழாய், தெரு என்று கண்ட சத்தத்தையும் பதிவுசெய்து, கணினியில் நீட்டி நெளித்து இசையாக்குவதுதான் தொழில். பையில் ரெக்கார்டர் ஓடாத நாளே கிடையாது. ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் சத்தத்துக்கு இவன் டிக்கெட் விற்கிறான் என்று அக்கா வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஆறு மாதத்துக்கு முன், அக்கா வீட்டு வாஷிங் மெஷினின் உறுமல் பிடித்துப்போய், பக்கத்து அலமாரியில் ரெக்கார்டரை ஓடவிட்டுக் கடைக்குப் போனான். அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டான். பிறகு ஸ்டுடியோவில் மெஷின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தெடுத்தால், அடியில் அக்காவின் அழுகை. வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை. உடனே ஓடிப்போய் விசாரிக்க வேண்டாமா? கை சும்மா இருக்கவில்லை, பாவிக்கு. நாற்பது மடங்கு நீட்டிப் பார்த்தான். பத்து வருடமாகத் தேடிய நாதம் கிடைத்துவிட்டது. இனி விசாரித்தால் அழித்துவிடச் சொல்வாளே என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை.

அந்த இசையின் அரங்கேற்றத்தன்று அக்கா முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டான். இருட்டில், எட்டு ஸ்பீக்கரிலும் மெஷின் உறுமியது. அதன் ஆட்டங்கண்ட கால் டக்டக்கென்று தரையைத் தட்டியது. மெல்ல மெஷின் தேய்ந்து, அடியில் இருந்தது மட்டும் அரங்கை நிறைத்தது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் அக்கா வீட்டுக்காரர் அவன் முதுகில் தட்டி, கடைசியில் வந்தது திமிங்கலமா என்று விசாரித்துவிட்டு, கார் எடுக்கப் போனார். அக்கா கிட்டே வந்தாள்.

"மெஷின் ஓடும்போதுதான்டா அழுவேன். வெளிய தெரியாதுன்னு."

யாருக்கும் அடையாளம் தெரியாது, அவ்வளவு நீட்டியிருக்கிறேன் என்று உளறினான்.

"அத விடு. இது உன் காதுல விழுந்து எத்தன நாளாச்சு?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசம். ஒரு போன் பண்ணலியேடா."

அவனுக்கு மானம் போயிற்று. "என்னக்கா பிரச்சன? இப்பவாவது சொல்லு" என்றான்.

அக்கா அவன் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"அது ஓடுதா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது.