பாசிப்பச்சைக் கார்

அன்று மாலை நாலு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, மாமா, நான், மாதிரிகள் செய்யும் பட்டறையிலிருந்து வந்த மேஸ்திரி. மாமா என்பது அக்காவின் வீட்டுக்காரர். நான் செய்த மாதிரிக் கார் மேஜை மேல் துணிக்கு அடியில் இருந்தது.

நான் ஆறு வருடம் குளிர்கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தவன். உறைந்த பெட்டிகளை அடுக்குகிற வேலை. வலது கையில் மூன்று விரல் நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக் கண்ணால் பார்த்துத்தான் போட முடியும் என்று ஆனதும் நின்றுவிட்டேன். இன்னும் ஒரு வருடம் அந்தக் குளிரில் நின்றால் மிச்ச விரல்களும் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மாதமாக அக்கா வீட்டில் சாப்பாடு. மாமா பொறுத்துப் பார்த்துவிட்டு, சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து என் இடத்தைத் திரும்ப வாங்கி வைத்திருந்தார். அன்று ஆறு மணிக்குக் கிடங்கு வண்டி வரும். மேஸ்திரி காரைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டால் பட்டறையில் பகல் வேலை. இல்லையென்றால் வண்டி.

கார், பழைய டிவி தொடரில் வரும் துப்பறிவாளருடையது. டிக்கி மூடியைக் கயிற்றால் கட்டியிருப்பார். மேஸ்திரி கொடுத்த படங்களின் கருப்பு வெள்ளை நகல்களை வைத்து, இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்திருந்தேன். கதவுக் கோடுகளைக் கீற மட்டும் பதினோரு நாள் ஆனது.

துணியை எடுத்தேன்.

"எறும்பு லைசென்ஸ் எடுத்தா ஓட்டிட்டுப் போயிரும்" என்றார் மாமா. அவர் என்னைப் பாராட்டியது அவ்வளவுதான்.

மேஸ்திரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். சக்கரம், ஸ்டியரிங், கயிற்று முடிச்சு.

"கை சுத்தமா இருக்கு தம்பி. பெயிண்ட் எப்ப அடிக்கப் போறீங்க?"

"அடிச்சாச்சு சார்."

"இது அடிப்பூச்சுதானே?"

"இல்ல சார். இதுதான் கலர்."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "அந்தக் காரு செம்பழுப்புப்பா."

"சும்மா இருங்க சார்" என்றார் மாமா. "இருபது வருஷமா பாக்கறோம். பாசிப்பச்சை."

அக்காவும் தலையாட்டினாள். மேஸ்திரி டிவியைப் போடச் சொன்னார். செய்தி ஓடியது.

"இந்தம்மா உதடு என்ன கலர்?"

"கருப்பு" என்றாள் அக்கா.

"ஊர்ல யாராவது கருப்பு லிப்ஸ்டிக் போட்டுட்டு நியூஸ் வாசிப்பாங்களாம்மா? உங்க டிவியில சிவப்பு செத்துப்போச்சு. அதான் செம்பழுப்பு பச்சையாத் தெரியுது."

அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். "அப்ப அந்தத் துப்பறியறவர் மூஞ்சி பச்சையா இருக்கறது காமாலையால இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. கலர் தெரியும்தானே என்று மேஸ்திரி முன்பே கேட்டிருந்தார். தெரியாதவன் யார் சார் என்று நான்தான் தெனாவெட்டாகச் சொன்னேன்.

"நாளைக்குத் தரேன் சார்."

"நாளைக்குக் கண்காட்சி திறப்பு. அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும். இன்னொருத்தர் செஞ்சதும் இருக்கு. உங்களுது மாதிரி வராது, ஆனா கலர் சரியா இருக்கு. கையில எதையாவது காட்டினாத்தானே முதலாளிகிட்ட உங்களுக்காகப் பேச முடியும்?"

"அஞ்சுக்குள்ள முடிக்கிறேன்."

காரைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். பச்சைக்கு மேலேயே அடித்தால் கதவுக் கோடுகள் மூழ்கிவிடும். பச்சையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கான திரவத்தில் ஒரு நாள் ஊற வேண்டும். என்னிடம் முக்கால் மணி நேரமும், பெயிண்ட் கரைக்கும் தின்னர் அரை பாட்டிலும், ஒரு டப்பா செம்பழுப்பும் இருந்தன. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். துணியில் தொட்டு, மெல்ல ஒரு துடைப்பு, உடனே தண்ணீர் என்று கணக்குப் போட்டேன்.

பானெட் நன்றாக வந்தது. வலது கதவும் வந்தது. கூரையைத் துடைக்கும்போது அது இளகியது எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கு விரல் நுனி சொல்லியிருக்கும். என் மூன்று விரல்களும் ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்தபோது கூரை சீட்டுவரை அமுங்கி, அதில் என் விரல்களின் பள்ளம் மூன்று இருந்தது. நிமிர்த்தப் போனேன். ஜன்னல் சட்டம் நூலாக இழுபட்டு வந்தது. விட்டுவிட்டேன்.

மேஸ்திரி கதவைத் தட்டினார். "ஆச்சா தம்பி?"

"இல்ல சார். நீங்க போங்க."

"எப்படி இருந்தாலும் கொண்டாங்க, பாப்போம்."

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

கொஞ்சம் நின்றுவிட்டு அவர் போய்விட்டார். நான் வெளியே வந்தபோது கையில் இருந்ததை அக்கா பார்த்தாள். மாமாவும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"கையுறை ரெண்டு ஜோடி போட்டுக்கோடா" என்றார். "வண்டி தெரு முனையில நிக்கும்."

"இன்னிக்கு ஒரு நாள் போகாம இருக்கட்டுமேங்க" என்றாள் அக்கா.

"இன்னிக்குப் போகலேன்னா அந்த இடமும் இல்ல."

அவர் சொன்னது சரிதான். காரைக் குப்பைக்கூடையில் போட்டேன். குளிருக்கான கோட்டை எடுத்து மாட்டினேன். பொத்தான் போட வரவில்லை. அக்கா போட்டுவிட வந்தாள், வேண்டாம் என்று கையைத் தள்ளினேன். படியில் இறங்கினேன். பின்னால் மாமா கதவைச் சாத்தினார். பூட்டில் சாவி இரண்டு முறை சுற்றியது.