காலியாக இருக்க வேண்டிய தடம்

டெவலப்பர் தட்டில் ஃபிலிம் மிதந்தது. சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் முதல் தடத்தில் கறுப்பாக ஒரு கோடு எழும்பியது. அது சாதாரண செல்களின் தடம்; எதிர்பார்த்ததுதான். அடுத்த தடத்திலும் அதே உயரத்தில் கோடு எழுந்தபோது ஜாய்ஸ் தட்டின்மேல் குனிந்தாள்.

செல் தனக்குள் பழுதானவற்றைத் தானே தின்று செரித்துக்கொள்ளும். ஆட்டோஃபேஜி எனப்படும் அந்த வேலைக்கு ஏடிஜி-5 என்ற புரதம் வேண்டும். அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடியை மாமல்லபுரம் சாலையிலிருந்த அந்த ஆய்வுக்கூடத்தில், முயல்களுக்கு ஊசி போட்டு உருவாக்கியவள் வைஷாலி. அவளுடைய ஆய்வேடு அதை நம்பித்தான் நின்றது. திங்கட்கிழமை அவளுக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு.

அவளுக்கு ஜூனியரான ஜாய்ஸ் இரண்டாவது தடத்தில் ஓட்டியது, ஜப்பானிலிருந்து புதிதாக வந்திருந்த எலி செல்கள். ஏடிஜி-5க்கான மரபணுவே நீக்கப்பட்ட ‘நாக்-அவுட்’ செல்கள். அங்கே கோடு விழுந்தால், ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

ஜாய்ஸ் போனபோது வைஷாலி வைவா ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாக்-அவுட்லயும் கோடு வுழுந்து கீது.”

“சாம்பிளை மாத்திப் போட்டிருப்ப.”

“ரெண்டாவது வாட்டியும் ஓட்டிப் பாத்துட்டேங்க்கா.”

மறுநாள் மதியம் வைஷாலியே ஓட்டினாள். இருவரும் இருட்டறையில் நின்றார்கள். கோடு வந்தது. வைஷாலி ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டாள்.

“கைடு சார்கிட்ட சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சொல்லாத. கல்யாணத் தேதி குறிச்சாச்சு. அப்பா அணுபுரம் டவுன்ஷிப் பூரா, டாக்டர் வைஷாலின்னு போட்டுப் பத்திரிகை வச்சுட்டாரு.”

“என் வேலையும் அத்த வச்சித்தான கீது? நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேங்க்கா.”

வைஷாலி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினாள்.

சனிக்கிழமை ஜாய்ஸ் தன் ஃபிலிமை வழிகாட்டி பாலசுப்ரமணியனிடம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“திங்கட்கிழமை முடியட்டும்மா. அப்புறம் பேசலாம்.”

வைவாவில் ஜாய்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வைஷாலியின் குரல் பிசிறில்லாமல் ஓடியது. ஃபிலிமைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தானே எழுந்து சொல்லிவிடலாமா என்று ஜாய்ஸ் இரண்டு முறை நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ஏடிஜி-5ஐ மட்டும்தான் பிடிக்குதுன்னு எப்படி நிச்சயமா சொல்றீங்க?”

பாலசுப்ரமணியன் முந்திக்கொண்டார். “அதுக்கு வேற கன்ட்ரோல் டெஸ்ட் எல்லாம்…”

“சார், நானே சொல்லிடறேன்.”

வைஷாலி தன் ஃபைலிலிருந்து, தானே ஓட்டிய ஃபிலிமை எடுத்து ப்ரொஜெக்டர்மேல் வைத்தாள். திரையில் இரண்டு கோடுகளும் விரல் தடிமனில் தெரிந்தன.

“நிச்சயமா சொல்ல முடியாது மேடம். ரெண்டாவது தடம் காலியா இருந்திருக்கணும்.”

பாலசுப்ரமணியன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு அத்தியாயங்களை நீக்கி, வேறு ஆன்டிபாடி வைத்து மறுபடி செய்து வரும்படி தேர்வாளர் எழுதினார்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. பட்டம் மட்டும் அடுத்த வருடக் கடைசியில் கிடைத்தது. அதுவரை வைஷாலி ஜாய்ஸின் பக்கத்து மேசையில்தான் வேலை செய்தாள். மழைக்காலம் முடியும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு ஒரு நாள் வைஷாலியே பைப்பெட் கேட்டாள். ஜாய்ஸ் எடுத்துக் கொடுத்தாள்.